2002-இல் எடை போட்ட கிழங்கு

2023 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை, காலை 10:31. அன்று எமகண்டம் பத்தரை மணிக்கு முடிந்தது. அதற்கு மேல் உள்ள ஒரு நிமிடம், எங்கள் மேலாளர் தணிகாசலம் அவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்ட பாதுகாப்பு. விஜயதசமி நாள். முந்தைய நாள் ஆயுத பூசைக்காக ஓய்வளிக்கப்பட்டிருந்த எடைமேடைக் கணினியை அவர் வலக்கை ஆள்காட்டி விரலால், கண்களை மூடிக்கொண்டு அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழன்றது. மேலாளர் கண் திறப்பதற்குள் இரண்டும் நின்றுவிட்டன.

"இன்னாம்மா பண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கணினிக்கும் எனக்கும் இடையே ஒரு தேங்காய் மூடியும் இரண்டு வாழைப்பழங்களும் மேலாளரும் இருந்தனர். "ஒண்ணும் பண்ணலீங்க சார்" என்றேன். அந்த ஆலையில் ஒரு பொருள் பழுதானால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். அருகில் நிற்கும் பெண்ணிடம்தான் அது கேட்கப்படும்.

நான் பணி ஓய்வு பெற்றவள். வயது இருபத்து மூன்று. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலையில், முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே, எடைமேடையில் பில் போடும் பணியை ஓராண்டுக்குச் சற்று மேல் ஆற்றினேன். தேர்வை முன்னிட்டு விலகினேன். பொன்னாடை எதுவும் போர்த்தப்படவில்லை. கல்லூரியில் எனக்கு இளையவளான ஒரு பெண் இப்போது அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். சென்ற வாரம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, கம்ப்யூட்டர் ஆன் ஆவுது, உடனே அமிஞ்சி பூடுது. நீங்க இருந்தப்ப இதே மாதிரி ஆச்சாமே, இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள். ஓய்வு பெற்றவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதை அப்போது உணர்ந்தேன். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எனக்கு முன்பிருந்தவர் திருமணமாகி உளுந்தூர்பேட்டைக்குப் போகும் அவசரத்தில் இரண்டு மாலைகளில் எல்லாவற்றையும் கற்பித்தார். என்டர் விசையை இருமுறை தட்டாதே. சாரிடம் ஏன் என்று கேட்காதே. கோடையில் மின்விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பி வை, உன் பக்கம் அல்ல. இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே நான் முழுமையாகக் கடைப்பிடித்தேன்.

வேலை எளிது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி மேடைமேல் ஏறி நிற்கும். அறைக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டியில் எடை சிவப்பு எண்களில் ஒளிரும். அந்த எண் ஒரு கம்பி வழியாகக் கணினிக்குள் சென்று, பில்லாக அச்சாகி வெளிவரும். பில்லை எடுத்துக்கொண்டு வண்டி களத்துக்குப் போகும். அங்கே கோவிந்தன் என்பவர் கிழங்கில் கொஞ்சம் எடுத்து, நீரில் அமிழ்த்தி நிறுத்து, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வார். அதற்குப் 'பாயிண்ட்' என்று பெயர். பாயிண்டுக்குத்தான் விலை. பிடுங்கிய கிழங்கு பொறுமைசாலி அன்று. ஓர் இரவு வெறுமனே கிடந்தாலே பாயிண்ட் இறங்கிவிடும். கோவிந்தன் மாலை ஆறு மணிக்குக் கை கழுவிவிடுவார். அதற்குள் அவரிடம் சேராத கிழங்கு மறுநாள் வேறு கிழங்கு.

கணினியோ அந்த ஆலையின் மூத்த ஊழியர். எடைப் பெட்டியின் கம்பியைச் செருகும் துளை அந்தக் காலத்துப் பெட்டிகளில்தான் இருந்தது. அதில் ஓடும் மென்பொருளை எழுதியவர் துபாய்க்குப் போய்விட்டார். ஆகவே அதை மாற்ற முடியாது, வணங்கத்தான் முடியும். வணங்கினார்கள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் மேலாளர் அதைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். திரையில் வைத்தால் எண் மறைகிறது. பக்கவாட்டில் வைத்தால் விசிறிக் காற்றில் உதிர்கிறது. முன்பக்கத்தில் வட்டமாக, நெற்றிபோல் அமைந்த ஒரே இடம் அதைத் துவக்கும் பொத்தான். ஆண்டுதோறும் பொட்டு அங்கேதான்.

விஜயதசமியன்று விடியும் முன்பே வண்டிகள் வந்துவிட்டன. முதலாவதாக வந்தது அஞ்சலை என்பவரின் கிழங்கு. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். முந்தைய நாள் மாலை வரை பிடுங்கி, வாடகை மினி லாரியில் ஏற்றி, இருட்டில் மலையிறங்கி வந்திருந்தார். ஓட்டுநர் காலை எட்டு மணிக்கே, "யக்கா, எனுக்கு மதியானம் வேற லோடு இருக்குது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை அதையே சொன்னார். எமகண்டத்தில் இயந்திரத்தைத் துவக்கலாகாது என்று மேலாளர் விளக்கியபோது அஞ்சலை எதிர்க்கவில்லை. "எமகண்டத்துல கெழங்கு வாடாதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பத்தரைக்குப் பின் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மேலாளர் மனம் தளரவில்லை. பூசையில் குறை இருக்கும் என்று கருதி மேலும் சந்தனம் குழைத்து, பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டாக அப்பி, மீண்டும் அழுத்தினார். எரிந்தது, அணைந்தது. கற்பூரம் காட்டி அழுத்தினார். எரிந்தது, அணைந்தது. எலுமிச்சம்பழம் நறுக்கி அழுத்தியபோது சற்று நேரம் பச்சை விளக்கே வரவில்லை. அதை அவர் முன்னேற்றமாகக் கருதியதாகத் தோன்றியது.

பதினொரு மணியளவில் நைனார்பாளையத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. அதன் உரிமையாளர் பெரிய பண்ணைக்காரர். ஊரில் அவரை ஊர்ப் பெயராலேயே நைனார்பாளையத்தார் என்பார்கள். மேலாளர் எழுந்து நின்றார்.

"ஐயாவுக்குக் கைச்சீட்டு எழுதிக் குடும்மா. பில்லு அப்பறம் போட்டுக்கலாம்."

சிவப்பு எண்ணைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தேன். டிராக்டர் களத்துக்குப் போனது. அடுத்து வந்த சமவெளி வண்டிகளுக்கும் அப்படியே. மலை வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அஞ்சலை சன்னலருகே வந்தார்.

"சார், அதே செவப்பு நம்பர்தானே எனுக்கும் காட்டுது? எனுக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்லுங்க."

"அது நம்பர்மா. கம்ப்யூட்டர்ல ஏறினாத்தான் எடை."

"அவுருக்கு ஏறவே இல்லியே?"

"அவுரு நமக்குத் தெரிஞ்சவரு. நாளைக்கு வந்து மாத்திக்குவாரு. நீங்கள்லாம் மலை ஏறிட்டா நான் எங்க வந்து புடிக்கிறது?"

"நல்லா இருக்குது சார். கெழங்கை இங்க கொட்டிட்டு நான் இன்னாத்துக்கு ஓடி ஒளியப் போறேன்? ஓடுனா உங்களுக்குத்தானே லாபம்?"

தர்க்கம் தம்மை நோக்கி வரும்போது பஞ்சாங்கத்தைப் புரட்டுவது மேலாளர் வழக்கம். புரட்டினார்.

நண்பகலில் கள்ளக்குறிச்சியிலிருந்து பிரபு வந்தார். கணினி பழுது பார்ப்பவர். முதுகில் பை, காதில் கருவி, முகத்தில் நம்பிக்கை. கணினியைத் திறந்ததும், "சார், இது மியூசியத்துக்குக் குடுக்க வேண்டியது" என்றார். இது நோயறிதல் அன்று, வணக்கம் சொல்லும் முறை. பிறகு வேலையில் இறங்கினார். மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டியைக் கழற்றி, கொண்டுவந்த வேறொன்றை மாட்டினார். எரிந்தது, அணைந்தது. நினைவகப் பட்டையை உருவி, என்னிடம் ரப்பர் கேட்டு வாங்கி, அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து மீண்டும் செருகினார். எரிந்தது, அணைந்தது. பொட்டு அளவிலான ஒரு வட்ட பேட்டரி உள்ளே இருந்தது. அதை எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்திருந்து திரும்பப் போட்டு, "ரீசெட் பண்ணிக்கிறேன்" என்றார். எரிந்தது, அணைந்தது.

"போர்டு போச்சுங்க சார். உளுந்தூர்பேட்டைல ஒருத்தன்கிட்ட பழைய போர்டு ஒண்ணு கெடக்குது. போய் எத்துக்கினு வந்துடறேன்."

"எப்ப வருவ?"

"தோ, போனவுடனே வந்துடுவேன்."

அவர் வருவதற்குள் மாலை ஆகிவிடும் என்பதைப் பேருந்து ஏறிப் பழகிய எவரும் அறிவர். மேலாளர் சாப்பிட்டார். மூன்று மணிக்கு இராகு காலம் தொடங்கியது. நாலரை வரை யாரும் எதையும் தொடவேண்டாம் என்று அறிவித்துவிட்டு, உள்ளறையில் இருந்த பெஞ்சில் படுத்தார். ஆலையின் மற்ற இயந்திரங்களுக்கு இராகு காலம் பொருந்தாது. அவை ஓடிக்கொண்டிருந்தன.

வெளியே ஓட்டுநர் கிழங்கை இங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுவதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். மேடைக்கு வெளியே இறக்கப்பட்ட கிழங்குக்கு எடையும் இல்லை, பாயிண்டும் இல்லை. அது குப்பை. அஞ்சலை அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, அடுத்த தேநீர் வரை அவரை நிறுத்தி வைத்திருந்தார்.

நான் கணினியின் முன் அமர்ந்திருந்தேன். யாப்பிலக்கணம் படிப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் அசை பிரிப்போம். காலையிலிருந்து என் காதில் ஏதோ தளை தட்டிக்கொண்டே இருந்தது. எது என்று அப்போதுதான் பிடிபட்டது. வழக்கமாக அந்தப் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஓர் ஒலி வரும், விரலை எடுத்தால் இன்னொரு 'டிக்'. அன்று முழுவதும் முதல் 'டிக்' மட்டுமே கேட்டது. அழுத்திப் பார்த்தேன். உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை. கணினி எரிந்து அணைந்து சற்று நேரம் கழித்துத்தான், தயங்கித் தயங்கி மேலே வந்தது.

இதை அந்த இளையவளுக்காகத் தெளிவாக எழுதுகிறேன். உயிருள்ள கணினி ஒன்றின் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால், சில நொடிகளில் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. எங்கள் கணினி பழுதாகவில்லை. நாளெல்லாம் மிகச் சரியாகக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கொரு படலமாகக் காய்ந்து இறுகிய சந்தனமும், அதன்மேல் அன்று காலை குழைத்து அப்பிய ஈரச் சந்தனமும் பொத்தானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அணை, அணை என்று அதற்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தன. பிரபு ஒவ்வொரு முறை அழுத்திய பின்பும் விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார் என்பதும் நினைவுக்கு வந்தது. காரணத்தைக் காற்சட்டையில் தடவிக்கொண்டே அவர் காரணத்தைத் தேடியிருக்கிறார்.

மேலாளரை எழுப்பினேன். "சார், பட்டன்ல சந்தனம் ஒட்டிக்கினு இருக்குது. தொடைச்சா ஆன் ஆயிடும்."

அவர் படுத்தவாறே என்னைப் பார்த்த பார்வையில் அச்சம் இருந்தது. "பொட்டை அழிப்பியா? இன்னைக்கி விஜயதசமி. ஒரு பொண்ணா இருந்துக்கினு இத்த கேக்கற? கையை வெச்சே, நாளையிலருந்து வராதே." திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கணினிக்கு எந்தச் சடங்கில் எப்போது மாலை மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காதே என்பதுதான் பயிற்சி.

திரும்பி வந்தபோது அஞ்சலை சன்னலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பொட்டு இருந்தாப் போதுமா அவுருக்கு?"

"அழிக்கக் கூடாதுங்கிறாரு அக்கா."

"அழிக்கச் சொல்லலியே நான். எடம் மாத்து. நெத்தி எங்க இருந்தா இன்னா, பொட்டுதானே?"

என் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கினார். அறைக்குள் வந்தார். பொத்தானின் விளிம்பைச் சுற்றி மிகப் பொறுமையாகச் சுரண்டினார். அடியில் கறுப்பு, அதன்மேல் பழுப்பு, அதன்மேல் மஞ்சள் என்று அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. நான் துணியை நனைத்துக் கொடுத்தேன். பெயர்ந்ததை ஒரு துளிகூடக் கீழே சிந்தவிடாமல் உள்ளங்கையில் சேர்த்து, நீர் விட்டுக் குழைத்து, திரைக்கு மேலிருந்த பிளாஸ்டிக் விளிம்பின் நடுவில் அழுத்தி வைத்தார். குங்குமமும் வைத்தார். கணினிக்கு முதன்முறையாக முகம் வந்தது.

"இப்ப அமுத்து."

டிக். டிக்.

விளக்கு எரிந்தது. விசிறி நின்றுவிடவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: தேதியும் நேரமும் தொலைந்துவிட்டன, தொடர்வதற்கு இன்ன விசையைத் தட்டவும். பிரபு பேட்டரியைக் கழற்றி மாட்டியதன் பலன். தட்டினேன். எடை மென்பொருள் திறந்தது. மேல் மூலையில் தேதி 01-01-2002 என்று இருந்தது. தேதியை மாற்றுவதற்குக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் மேலாளரிடம் இருந்தது. மேலாளர் இராகு காலத்தில் இருந்தார்.

மினி லாரி மேடையேறியது. எண் ஒளிர்ந்தது. அச்சுப்பொறி கத்தத் தொடங்கியது. அந்த ஒலிக்கு மேலாளர் எழுந்து ஓடி வந்தார். முதலில் பொத்தானைப் பார்த்தார். முகம் இருண்டது. பிறகு திரைக்கு மேலே பார்த்தார். முகம் தெளிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா? காலைல நான் எலுமிச்சம்பழம் வெட்டுனனே, அது இப்பத்தான் வேலை செஞ்சிக்குது."

அஞ்சலை பில்லைக் கையில் வாங்கி, எண்களை விரல் வைத்துப் படித்தார்.

"இன்னா பாப்பா தேதி இது? இந்த வருஷத்துல நான் மூணாவது படிச்சிக்கினு இருந்தேன்."

"களத்துல குடுங்க அக்கா. தேதியை நாளைக்கு நான் சரி பண்ணித் தரேன்" என்றேன். உண்மையில் எனக்கு வேறொன்றும் நினைவில் இருந்தது. களத்துச் சுவரில் மேலாளரே எழுதச் செய்த இரண்டு விதிகள். ஒன்று: கணினிப் பில் இல்லாத வண்டிக்குப் பாயிண்ட் பார்க்கப்படாது. இரண்டு: பில்லின் தேதி, நேர வரிசைப்படியே வண்டிகள் எடுக்கப்படும். கைச்சீட்டு வாங்கிய டிராக்டர்கள் முதல் விதி தளர்வதற்காக, மேலாளரின் வாய்ச்சொல்லுக்காக அங்கே நின்றிருந்தன. மேலாளர் பூசையிலும் உறக்கத்திலும் அதை மறந்திருந்தார்.

கோவிந்தன் பில்லை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு களம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "யோவ், வழி வுடுங்கயா! இந்த அம்மா இருவத்தோரு வருசமா லைன்ல நின்னுக்கினு இருக்குது!"

நைனார்பாளையத்தார் டிராக்டரிலிருந்து இறங்கினார். "இன்னா கோவிந்தா, கிண்டலா? நான் காலைலருந்து நிக்கிறேன்."

"உங்க சீட்டு இந்த வருசத்துதுங்க ஐயா. நான் இன்னா பண்றது? செவுத்துல எழுதிக்குது. கம்ப்யூட்டர்ல வேற போட்டுக்குது."

மேலாளரை அழைத்தார்கள். அவர் பில்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பண்ணைக்காரரைப் பார்த்தார். கணினி பொய் சொல்லாது என்று அதே களத்தில் எத்தனையோ விவசாயிகளிடம் எடை குறைந்தபோதெல்லாம் சொல்லியவர். இப்போது கணினி பொய் சொல்கிறது என்று அத்தனை பேர் முன்னிலையில் அறிவிக்க வேண்டும், அல்லது அஞ்சலையின் கிழங்கை எடுக்கச் சொல்ல வேண்டும். "சீக்கிரம் எடுயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினார்.

அஞ்சலையின் கிழங்குக்குப் பாயிண்ட் பார்த்தாயிற்று. காலையில் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வந்திருக்கும் என்று கோவிந்தனே சொன்னார். நாளை பார்த்திருந்தால் எவ்வளவு கம்மி என்பதையும் சொன்னார். கிழங்கு அப்போதே தோல் சீவும் உருளைக்குள் போனது. அன்று மாலை ஆறு மணி வரை மலையிலிருந்து வந்த வண்டிகள் அனைத்தும் 2002ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் வந்தவையாகவே கருதப்பட்டு எடுக்கப்பட்டன. கைச்சீட்டு வண்டிகளுக்கு அவற்றுக்குப் பின்னரே பில் வந்தது; அவற்றில் சில இரவு அங்கேயே தங்கின. பிரபு ஏழு மணிக்கு மேல் ஒரு பழைய போர்டுடன் வந்து, ஓடிக்கொண்டிருந்த கணினியைச் சற்று நேரம் மனத்தாங்கலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலைக்கு ஒரே கவலைதான் மிஞ்சியிருந்தது. அந்தத் தேதியைக் காட்டிக் கணக்குப் பிரிவில் பணம் மறுத்துவிட்டால் என்ன செய்வது? அது வீண் கவலை அன்று. மறுநாள் காலை மேலாளர் என்னைக் கூப்பிட்ட குரலிலேயே அது தெரிந்தது. இரவு தங்கிய பண்ணைக்காரர் அவரிடம் பேசியிருக்கிறார்.

"அந்த மலைக்காரம்மா பில்லு செல்லாது. கேன்சல் பண்ணு. லோடைத் திரும்ப எடை போட்டு, இன்னைக்கித் தேதிக்குப் பாயிண்ட் பாக்கச் சொல்லு."

"எந்த லோடைங்க சார்?"

அவர் சன்னல் வழியாகக் களத்தைப் பார்த்தார். தொட்டிகளில் கிழங்குப் பால் வெள்ளையாகத் தெளிந்துகொண்டிருந்தது. கோவிந்தன் வெளியிலிருந்து, "வேணும்னா ஒரு சொம்புல மொண்டு எத்துக்கினு வரட்டுமா சார்?" என்றார்.

மேலாளர் கடவுச்சொல்லைத் தட்டித் தேதியைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். அதே எடைக்கும் அதே பாயிண்டுக்கும் 24-10-2023 என்ற தேதியிட்டுப் புதுப் பில் போட்டேன். அந்த மென்பொருளில் 'வண்டி வந்த நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. எடை போடும் நேரத்தையே அதிலும் நிரப்புவது ஆலையின் மரபு. நான் அதில் வண்டி வந்த நேரத்தை நிரப்பினேன். மேலாளர் படிக்காமல் கையெழுத்திட்டார். பில்லை மடித்து எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய், வெள்ளிமலைப் பேருந்தை நிறுத்தி, அஞ்சலையிடம் சேர்க்கச் சொல்லி நடத்துநரிடம் கொடுத்தேன். மலையில் எல்லாருக்கும் அவரை வைத்துத்தான் தபால்.

நடத்துநர் பில்லைப் பிரித்துப் படித்தார்.

"வண்டி வந்தது காலைல அஞ்சே முக்கால். எடை போட்டது சாயந்தரம் மூணே முக்கால். அவ்ளோ நேரம் இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தாங்க?"

"காத்துக்கினு இருந்தாங்க" என்றேன்.

அவர் விசில் ஊதினார்.